தீப்பெட்டிக் கணக்கில் எத்தனை வரிசை?

2021 அக்டோபரில் தீப்பெட்டி உற்பத்தியாளர்களின் ஐந்து சங்கங்கள் சிவகாசியில் கூடி ஒரு முடிவெடுத்தன. டிசம்பர் 1 முதல் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய். 2007இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய்க்கு ஏறிய விலை, அதன்பின் 14 ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்தது.

விலையேற்றத்துக்கு அவர்கள் சொன்ன காரணம் ஒரு பட்டியல். தீப்பெட்டி செய்ய 14 மூலப்பொருள்கள் வேண்டும். கிலோ 425 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்த சிவப்பு பாஸ்பரஸ் 810 ரூபாய் ஆகிவிட்டது. மெழுகு 58இலிருந்து 80. மேல்பெட்டி அட்டை 36இலிருந்து 55. உள்பெட்டி அட்டை 32இலிருந்து 58. காகிதம், குச்சி, பொட்டாசியம் குளோரேட், கந்தகம் எல்லாமே ஏறியிருந்தன, டீசலும் ஏறியிருந்தது. 600 பெட்டி கொண்ட ஒரு பண்டலை 270 முதல் 300 ரூபாய்க்குக் கொடுத்துவந்தவர்கள் இனி 430 முதல் 480 ரூபாய் என்றார்கள். ஜிஎஸ்டியும் லாரி வாடகையும் தனி. பெட்டிக் கணக்கில் சொன்னால், 45 முதல் 50 காசுக்கு ஆலையை விட்டுப் போன பொருள், இனி 72 முதல் 80 காசுக்குப் போகும்.

கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலை வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டி ஆலை, இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தமிழகத்தில் இந்தத் தொழிலை நம்பி நேரடியாகவும் மறைமுகமாகவும் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் இருக்கிறார்கள் என்றும், நேரடியாக வேலை செய்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள் என்றும் அப்போது சொல்லப்பட்டது. இத்தனை பேர் வாழ்க்கையைத் தொடும் ஒரு விலையை எப்படிக் கணக்கிடுவது? மேலே உள்ள நான்கு பொருள்களின் ஏற்றத்தைச் சதவீதமாக்கிப் பார்க்கலாம்: பாஸ்பரஸ் 91, மெழுகு 38, மேல்அட்டை 53, உள்அட்டை 81. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் சுமார் 66 வருகிறது. பண்டல் விலையை 60 சதவீதம் கூட்டியவர்களின் முடிவுக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனாலும் இந்தச் சராசரியை நம்பி ஒரு பண்டல்கூட அனுப்பக் கூடாது.

ஏன் என்பதற்கு வேதியியலுக்குள் கொஞ்சம் போக வேண்டும். குச்சியின் தலையில் இருக்கும் மருந்தில் ஆக்சிஜனைத் தரும் பொட்டாசியம் குளோரேட்டும், எரியும் கந்தகமும், பசையும் இருக்கின்றன. பாஸ்பரஸ் அங்கே இல்லை. அது பெட்டியின் பக்கவாட்டில், உரசும் இடத்தில் மெல்லிய பூச்சாக இருக்கிறது. உரசும்போது துளியளவு பாஸ்பரஸ் பெயர்ந்து குளோரேட்டைச் சந்திப்பதால்தான் தீப்பொறி. தலையில் பற்றிய தீ மரத்துக்கு இறங்குவதற்காகக் குச்சியின் மேல்நுனியை மெழுகில் முக்குகிறார்கள். ஆக, பாஸ்பரஸ் இல்லாமல் தீப்பெட்டியே இல்லை; ஆனால் ஒரு பண்டலுக்கு அது கிராம் கணக்கில்தான் செலவாகும். அட்டையோ கிலோ கணக்கு.

கணக்கு புரிவதற்காக மட்டும், ஒரு பண்டலுக்கு 20 கிராம் பாஸ்பரஸும் ஒரு கிலோ உள்அட்டையும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பாஸ்பரஸ் செலவு 8 ரூபாய் 50 காசிலிருந்து 16 ரூபாய் 20 காசாகிறது. கூடுதல் 7 ரூபாய் 70 காசு. உள்அட்டை 32இலிருந்து 58. கூடுதல் 26 ரூபாய். சதவீதத்தில் முன்னால் நிற்பது பாஸ்பரஸ். பணத்தில் முதுகை ஒடிப்பது அட்டை. நாளிதழில் தலைப்பாகும் பொருளும் முதலாளியின் கையைக் கடிக்கும் பொருளும் வேறுவேறாக இருக்கலாம் என்பது, விலை ஒரு வரிசையிலும் அளவு வேறொரு வரிசையிலும் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

தொழில் திட்டமிடும் மென்பொருள்களில் முதல் வேலையே இந்த வரிசைகளை அமைப்பதுதான். இன்று பெரிய நிறுவனங்கள் வாங்கும் விலையுயர்ந்த மென்பொருளானாலும் சரி, சிறிய ஆபீஸில் கணக்குப்பிள்ளை திறந்து வைத்திருக்கும் எக்செல் ஆனாலும் சரி, விதி ஒன்றுதான். ஒரு வரிசை ஒரே ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு அலகு இருக்க வேண்டும். அதை நிரப்பும் முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். “மெழுகு” என்ற வரிசையில் ஏப்ரலில் கிலோவும் மே மாதத்தில் ரூபாயும் இருந்தால் அந்த வரிசை செத்துவிட்டது. ஒரு மாதம் கையால் எண்ணைத் தட்டிவிட்டு, மறுமாதம் சூத்திரம் போட்டாலும் அதே கதிதான். ஆறு மாதம் கழித்து எது நாம் நம்பிய எண், எது கணக்கில் பிறந்த எண் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் நல்ல திட்டத்தாளில் வரிசைகள் சில அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே, நாம் நம்பிச் சொல்லும் எண்கள்: இந்த மாதம் எத்தனை பண்டல், ஒரு பெட்டிக்கு எத்தனை குச்சி, சேதாரம் எவ்வளவு, கிலோ விலை என்ன. இவற்றில் சூத்திரமே வரக்கூடாது. அதற்குக் கீழே, தேவையான அளவுகள். அதற்கும் கீழே, அளவை விலையால் பெருக்கிய செலவு. கடைசியில் மொத்தம். ஒரு பெட்டிக்கு 50 குச்சி என்றால் பண்டலுக்கு 30,000 குச்சி. நூற்றுக்கு ஐந்து குச்சி ஒடிந்தும் மருந்து பிடிக்காமலும் வீணாகிறது என்றால் எத்தனை குச்சி வாங்க வேண்டும்? பலரும் 30,000 உடன் ஐந்து சதவீதம் சேர்த்து 31,500 என்பார்கள். அது போதாது. வாங்குவதில் 95 சதவீதம்தான் தேறும் என்றால் 30,000ஐ 0.95ஆல் வகுக்க வேண்டும், விடை 31,579. பண்டலுக்கு 79 குச்சி வித்தியாசம். மாதம் பல ஆயிரம் பண்டல் போடும் ஆபீஸுக்கு அது மூட்டைக் கணக்கு. சேதாரத்துக்கென்று தனி வரிசை இருந்தால் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். சூத்திரத்துக்குள்ளே 1.05 என்று புதைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் தெரியாது.

கணினிக்கு முன்பு இந்தக் கட்டங்கள் கரும்பலகையிலும் பேரேட்டிலும் இருந்தன. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருந்ததைப் பார்த்தார். அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் சேர்ந்து 1979இல் விசிகால்க் என்ற, தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும்தான் முகவரி. அந்தப் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. 1991இல் லோட்டஸ் நிறுவனம் நெக்ஸ்ட் கணினிக்காக வெளியிட்ட இம்ப்ரூவ் என்ற மென்பொருள் வேறு பாதையில் போனது. “பி7ஐ சி7ஆல் பெருக்கு” என்பதற்குப் பதிலாக “செலவு என்பது அளவு பெருக்கல் விலை” என்று ஒரே ஒருமுறை எழுதினால் போதும்; எல்லா வரிசைக்கும் எல்லா மாதத்துக்கும் அது பொருந்தும். சந்தையில் அது நிலைக்கவில்லை. ஆனால் இன்றைய திட்டமிடும் மென்பொருள்களில் வரிசைக்குப் பெயரும் விதியும் இருக்கிறதே, அந்தச் சிந்தனை அங்கே முழுமையாக வெளிப்பட்டது. எனக்கு அது வணிகக் கணினி வரலாற்றின் மிக அழகான யோசனைகளில் ஒன்றாகத் தோன்றுகிறது.

வரிசையைப் பெயரால் அல்லாமல் எண்ணால் சுட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் இருக்கிறது. பொருளியல் அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் அரசுக் கடன், உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்பது அதன் சாரம். பல அரசுகள் செலவைக் குறைக்க அதை மேற்கோள் காட்டின. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அந்த எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் 30ஆம் வரிசையிலிருந்து 49ஆம் வரிசை வரை போக வேண்டும். அது 44ஆம் வரிசையிலேயே நின்றுவிட்டிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்குக்கு வெளியே நின்றன. ஆய்வில் இருந்த குறைகளில் இது ஒன்றுதான். எடை போட்ட முறையிலும் தரவைச் சேர்த்த விதத்திலும் இதைவிடப் பெரிய கேள்விகள் இருந்தன. ஆனாலும், இரண்டு பேராசிரியர்களுக்கு நேர்ந்தது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் நேரும். 14 மூலப்பொருளுக்குக் கூட்டல் போட்டுவிட்டு, பதினைந்தாவதாக ஒரு பசையைக் கடைசி வரிசைக்குக் கீழே சேர்த்தால் மொத்தத்தில் அது வராமலே போகலாம்.

திட்டமிடும் மென்பொருளில் இதற்கு மருந்து, தாய் வரிசை, சேய் வரிசை என்ற அமைப்பு. “மருந்துச் சாமான்” என்று ஒரு தாய். அதன் கீழே குளோரேட், கந்தகம், பாஸ்பரஸ், பசை. “அட்டை” என்று இன்னொரு தாய். கீழே மேல்பெட்டி, உள்பெட்டி. புதுப் பொருள் வந்தால் அதற்கு யார் தாய் என்று மட்டும் சொன்னால் போதும். கூட்டலை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். தாய் வரிசையில் கையால் எண் எழுதவே கூடாது. எழுதினால் சேய்களின் கூட்டுத்தொகையும் அந்த எண்ணும் என்றைக்காவது ஒருநாள் முரண்படும். தாயையும் சேயையும் சேர்த்துக் கூட்டி, செலவை இரட்டிப்பாக்கிக் காட்டும் தாள்களும் உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் மாறாத ஒரு குறியீட்டு எண் கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: ஒருவர் “மெழுகு” என்றும் இன்னொருவர் “வாக்ஸ்” என்றும் எழுதினால் மென்பொருளுக்கு அவை இரண்டு பொருள்கள்.

வரிசையைக் குறுக்கே, மாதம் மாதமாகக் கூட்டும்போது வேறொரு சிக்கல் வருகிறது. விரிதாள்களில் நான் அதிகம் பார்த்த பிழை இதுதான். வாங்கிய மெழுகின் கிலோவை 12 மாதத்துக்கும் கூட்டினால் ஆண்டுக் கொள்முதல் கிடைக்கும். மாத முடிவில் குடோனில் மிஞ்சிய மெழுகைக் கூட்டினால் என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. ஆண்டு முடிவின் இருப்பு என்பது மார்ச் மாத இருப்பு மட்டுமே. விலையைக் கூட்டுவதிலும் பொருள் இல்லை. சராசரி எடுக்கலாமே என்றால், வெறும் சராசரி ஏமாற்றும். 425 ரூபாயாக இருந்தபோது 100 கிலோ பாஸ்பரஸும், 810 ஆனபிறகு 20 கிலோவும் வாங்கினோம் என்று கொள்வோம். இரண்டு விலைக்கும் நடுவே 617 ரூபாய் 50 காசு. உண்மையில் கொடுத்ததோ 120 கிலோவுக்கு 58,700 ரூபாய், அதாவது கிலோ சுமார் 489. ஆகவே ஒவ்வொரு வரிசையும் தன்னை எப்படித் திரட்ட வேண்டும் என்ற விதியைத் தன்னோடு சுமக்க வேண்டும்: இது கூட்டப்படும், இது கடைசி மாதத்தை எடுத்துக்கொள்ளும், இது அளவால் எடை போடப்படும் என்று. நல்ல மென்பொருள், வரிசையை உருவாக்கும்போதே இதைக் கேட்டுவிடும். எக்செல் கேட்காது, நாமே எழுதிவைக்க வேண்டும்.

ஒரே ஆபீஸ் பல லேபிள்களில் பெட்டி போடும். வடமாநிலத்துக்கு ஒரு படம், உள்ளூருக்கு வேறு. ஆறு லேபிள் என்றால் “பாஸ்பரஸ் — முதல் லேபிள்”, “பாஸ்பரஸ் — இரண்டாம் லேபிள்” என்று வரிசைகளைப் பெருக்கத் தோன்றும். 14 பொருள், 6 லேபிள், 12 மாதம் சேர்ந்தால் 1,008 கட்டங்கள். இன்னும் நான்கு ஊர்ச் சந்தைகளைச் சேர்த்தால் 4,032. அவற்றில் பாதி வெறுமையாகவே கிடக்கும். லேபிளும் ஊரும் வரிசைகள் ஆகக்கூடாது. அவை வரிசைக்குக் குறுக்கே நிற்கும் இன்னொரு திசை. திட்டமிடும் மென்பொருள் இவற்றைப் பரிமாணங்களாக வைத்து, வெற்றுக் கட்டங்களைச் சேமிக்காமல் விட்டுவிடுகிறது. வரிசைகளைக் கண்மூடிப் பெருக்குவதன் ஆபத்தை 2020இல் இங்கிலாந்து கண்டது. கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் சேர்த்தார்கள். அந்த வடிவம் 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. ஒரு நோயாளிக்கே பல வரிசைகள் ஆனதால் இடம் சீக்கிரம் தீர்ந்தது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் அன்றாட எண்ணிக்கையில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது.

வரிசைகளை எந்த முறையில் கணக்கிடுவது என்பதும் எளிதான கேள்வி இல்லை. விசிகால்க் மேலிருந்து கீழாகவோ, இடமிருந்து வலமாகவோ ஒழுங்காகக் கணக்கிட்டுக்கொண்டே போகும். மேல் வரிசை கீழ் வரிசையைச் சார்ந்திருந்தால் பழைய எண்ணையே எடுத்துக்கொள்ளும். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3, எது எதைச் சார்ந்தது என்று பார்த்து அதன்படி கணக்கிட்டது. இன்றைய மென்பொருள்கள் வரிசைகளுக்கு இடையே ஒரு சார்புவலையை வரைந்துகொள்கின்றன: பண்டல் எண்ணிக்கையிலிருந்து குச்சித் தேவைக்கு ஓர் அம்பு, அங்கிருந்து செலவுக்கு ஓர் அம்பு. பாஸ்பரஸ் விலையை மாற்றினால் அந்த அம்புகள் தொடும் வரிசைகள் மட்டும் புதுக்கணக்குப் பெறும். அம்பு சுற்றித் திரும்பி வந்தால்தான் தொல்லை. வங்கிக் கடன் கூடினால் வட்டி கூடும். வட்டி கூடினால் கையிருப்பு குறையும். கையிருப்பு குறைந்தால் கடன் கூடும். சிறிய தொழிலுக்கு எளிய வழி, மாதத் தொடக்கத்தில் இருந்த கடனுக்கு மட்டும் வட்டி போட்டு அந்த வளையத்தை வெட்டிவிடுவது. கொஞ்சம் துல்லியம் போகும். கணக்கு ஆளுக்குப் புரியும்.

இதையெல்லாம்விட முக்கியமானது, தாளில் எந்த வரிசை மீதியாக விடப்படுகிறது என்பது. விற்பனை விலை 14 ஆண்டு நிலையாக நிற்கிறது, மூலப்பொருள்கள் ஏறுகின்றன. எங்கோ ஒரு வரிசை இளைத்தாக வேண்டும். லாபம் என்ற வரிசையை “விற்பனையிலிருந்து எல்லாச் செலவும் போக” என்று எழுதினால், நெருக்கடி லாபத்தில் தெரியும். கூலியை அப்படி எழுதினால், லாபம் அழகாக நிற்கும். கட்டை அடுக்கும், அதாவது குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும், பெண்களின் கூலி சத்தமில்லாமல் சுருங்கும். தாள் இரண்டிலும் சரியாகத்தான் கூட்டும். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, பெட்டியில் குச்சி அடைப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் கூலி விகிதம் தனி அனுமான வரிசையாக, பாஸ்பரஸ் விலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். “இதரச் செலவு” என்ற வரிசைக்குள் கூலியின் ஒரு துண்டைக்கூடப் போடக் கூடாது. எந்தத் தாளிலும் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்த இதரச் செலவைத்தான்.

வரியும் அப்படியே. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது கைத்தொழில் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18. 2020 ஏப்ரல் 1இல் இரண்டுக்கும் 12 ஆக மாறியது. வரி விகிதத்தைத் தனி வரிசையாக வைத்திருந்தவர்கள் ஒரே இடத்தில் எண்ணை மாற்றினால் போதுமாக இருந்திருக்கும். சூத்திரங்களுக்குள் 0.05 என்றும் 0.18 என்றும் எழுதிவைத்தால் தாள் முழுவதையும் சல்லடை போட வேண்டும்.

ஆபீஸில் வேலை செய்யும் குடும்பங்களில் பலவற்றுக்கு வெளியே கொஞ்சம் கரிசல் நிலமும் உண்டு. அங்கே வரிசை அமைப்பது இன்னும் நுட்பமானது. மானாவாரி நிலத்தில் பருத்திக்கு ஊடே உளுந்தோ பாசிப்பயறோ போடுவது இந்த வட்டாரத்துக்குப் பழக்கமான முறை. ஓர் ஏக்கரில் இரண்டும் நிற்கின்றன. திட்டத்தாளில் “பருத்தி — 1 ஏக்கர்”, “உளுந்து — 1 ஏக்கர்” என்று இரண்டு வரிசை எழுதினால், கூட்டலில் நிலம் இரண்டு ஏக்கர் ஆகிவிடும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் விதை, உரம் வாங்கத் திட்டமிடும்போது இந்த மாய ஏக்கருக்கும் அடியுரம் வாங்கிவிட நேரும். புள்ளியியலில் இதற்கென்றே நிகர சாகுபடிப் பரப்பு, மொத்த சாகுபடிப் பரப்பு என்று இரண்டு அளவுகள் இருக்கின்றன. இரண்டும் சரிதான், ஒரே வரிசையில் இருக்க முடியாது.

இதற்கு நான் செய்வது, நிலத்தைத் தாய் வரிசையாக வைத்துப் பயிர்களை அதன் கீழ் இடுவது. ஏக்கர் தாயிடம் மட்டும் இருக்கும், மேலிருந்து கீழே இறங்காது. விதையும் அறுவடைக் கூலியும் பயிருக்குப் பயிர் வேறு. அவை சேயிடம் இருக்கும். உளுந்து முதலில் கைக்கு வந்துவிடும். பருத்தி அதன்பின் பல வாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே வருமானமும் சேயிடம். புரட்டாசி மழைக்கு முன் ஓட்டிய டிராக்டர் வாடகை மட்டும் இரண்டு பயிருக்கும் பொது. அதைப் பாதிப்பாதி பிரித்துப் பயிர்களின் தலையில் வைத்தால், உளுந்து லாபமா நஷ்டமா என்ற விடை அந்தப் பிரிப்பைப் பொறுத்தே மாறும். பருத்திக்காக எப்படியும் உழத்தான் போகிறோம். உளுந்து போடுவதா வேண்டாமா என்ற முடிவில் அந்த வாடகைக்கு வேலையே இல்லை. அதை நிலத்தின் வரிசையிலேயே விட்டுவிட்டு, உளுந்துக்கு விதை, களை, பறிப்புக் கூலி மூன்றை மட்டும் எழுதிப் பார்த்தால், அடுத்த புரட்டாசிக்கு எத்தனை படி உளுந்து விதை எடுத்து வைப்பது என்று தெரிந்துவிடும்.